ஒரே 71 கிலோ, இரண்டு இடுப்பளவு: மருந்தில்லாமல் தசை வளர்க்க எவ்வளவு சாப்பிட வேண்டும்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கும் 25 வயது இளைஞர் ஒருவர், ஜிம்மில் சேர்ந்த ஏழு மாதங்களில் 58 கிலோவிலிருந்து 71.5 கிலோவுக்கு ஏறிய நிலையில் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்தார். படுத்தபடி மார்புக்கு மேல் பாரம் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் 30 கிலோவுக்குத் தடுமாறிக்கொண்டிருந்தவர் அப்போது 60 கிலோவை ஐந்து முறை தூக்கினார். ஆகவே பயிற்சியில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சேர்ந்த அன்று நோட்டில் குறித்து வைத்திருந்த 77 செ.மீ. இடுப்பளவு, அதே ஏழு மாதங்களில் 91 செ.மீ. ஆகியிருந்தது. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை 104 மி.கி. எனக் காட்டியது. தந்தைக்கு நாற்பது வயதிலேயே சர்க்கரை நோய் வந்திருந்ததால், அந்த எண்ணைப் பார்த்த பிறகே வீட்டார் இவரை அனுப்பி வைத்தனர். இவரது ஒப்புதலுடன் இந்நிகழ்வு எழுதப்படுகிறது. இவருடைய பெயரும் கம்பெனியின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

உயரம் 170 செ.மீ. உடல் வளர்க்கும் ஊசியோ மாத்திரையோ எடுத்ததில்லை என்று இவர் சொன்னதைச் சந்தேகிக்க எனக்கு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை. இந்நிகழ்வின் மையமே அதுதான்: மருந்தெடுக்காத ஓர் உடலுக்கு, மருந்தெடுக்கும் உடலுக்கான உணவுப் பட்டியல் தரப்பட்டிருந்தது.

அந்தப் பட்டியல்

ஒரு தாளில் பேனாவால் எழுதிய பட்டியலை இவர் மடித்துக் கொண்டுவந்திருந்தார். நாளொன்றுக்கு 4000 கலோரி என்று மேலே அடிக்கோடிட்டிருந்தது. எழுதிக் கொடுத்தவர் அதே ஜிம்மில் மூத்தவர். ஆணழகன் போட்டிகளில் மேடையேறியவர். தாம் ஊசி போட்டுக்கொள்வதை மறைக்காதவர். "தம்பி, வாய் வலிக்கிற வரைக்கும் சாப்பிடோணும், அப்பத்தான் சதை ஏறும்" என்பது அவர் சொன்ன வழிமுறை. அவர் தம் அனுபவத்திலிருந்து உண்மையைத்தான் சொன்னார் என்றே கருதுகிறேன். ஆனால் அந்த அனுபவம் இவருக்குப் பொருந்தாது.

பொருந்தாததற்கான காரணம் 1996-இல் பாசினும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் செய்து வெளியிட்ட ஆய்வில் தெளிவாக இருக்கிறது. நலமுள்ள ஆண்கள் 43 பேரை நான்கு பிரிவாக்கி, பத்து வாரங்களுக்குச் சிலருக்கு வாரம் 600 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசியும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் போட்டு, பயிற்சி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வெற்று ஊசியுடன் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பல்லாத எடை ஏறக்குறைய 2 கிலோ கூடியது. டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்தவர்களுக்கோ 3.2 கிலோ கூடியது. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. உடல் தசையைக் கட்டும் வேகத்தையே மருந்து மாற்றிவிடுகிறது என்பது இதன் பொருள். வேகம் மாறியவர் கூடுதலாகச் சாப்பிடுவதில் ஒரு பங்காவது தசைக்குப் போகும். வேகம் மாறாதவர் அதையே சாப்பிட்டால் அது இடுப்புக்குப் போகும். இந்த விளக்கத்தைக் கேட்ட இளைஞரே தம் தொழிலிலிருந்து ஒன்றைச் சொன்னார்: கட்டிங்கில் எவ்வளவு துணி வெட்டிக் கொடுத்தாலும், லைனில் இருக்கும் டெய்லர்கள் தைக்கிற அளவுக்குத்தான் பீஸ் வெளியே வரும், மீதி பண்டல் பண்டலாகத் தரையில் கிடக்கும். இதைவிடச் சரியாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

உண்மையில் என்ன சாப்பிட்டார்

4000 என்று எழுதியிருந்தாலும் இவர் சாப்பிட்டது அவ்வளவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்பட சில நாள்களின் உணவை நினைவுகூரச் செய்தும், வீட்டில் கிண்ணங்களையும் கரண்டிகளையும் அளந்துவரச் சொல்லியும் கணக்கிட்டதில், சராசரி 3100 கலோரி என வந்தது. இவருடைய வேலை நேரம் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்று சொல்லப்படும் பன்னிரண்டு மணி நேரம். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவார். ஒன்பது மணிக்கு ஜிம், பத்தேகாலுக்கு மாஸ் கெய்னர் என்ற எடை கூட்டும் பொடி கலந்த பால், அதன்பின் வீட்டுக்குப் போகும் வழியில் சால்னாவுடன் இரண்டு பரோட்டா. காலையில் ஆறு இட்லி. பதினோரு மணி டீயுடன் இரண்டு வடை. மதியம் டிபன் பாக்ஸில் நெருக்கி அடைத்த சோறும் குழம்பும் இரண்டு முட்டையும். மாலை டீக்கு ஒரு பன்.

58 கிலோவில் இருந்தபோது, நாள் முழுதும் நின்று வேலை செய்யும் இவருக்கு எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவு சுமார் 2400 கலோரி என்று மதிப்பிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், 65 கிலோ எடையுள்ள, மிதமான உடலுழைப்புச் செய்யும் ஆணுக்கு 2710 கலோரி எனச் சொல்லப்பட்டிருப்பதோடு இது ஒத்துப்போகிறது. ஆகவே தொடக்கத்தில் நாளொன்றுக்கு 700 கலோரி உபரி; எடை ஏற ஏற உடலின் தேவையும் கூடியதால், இறுதியில் அது 400-க்கும் கீழே வந்திருக்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. ஏழு மாத உபரியைக் கூட்டி, அதில் செரிமானத்துக்கும் கூடுதல் அசைவுக்கும் செலவாகும் பங்கைக் கழித்துப் பார்த்தால், ஏறிய 13.5 கிலோவில் ஏறக்குறைய 9 கிலோ கொழுப்பாகத்தான் இருக்க முடியும் என்ற முடிவுக்கே வர வேண்டியிருந்தது. 14 செ.மீ. கூடிய இடுப்பும் அதையே சொன்னது.

ஜிம்மில் இருந்த மின் எடைக்கருவி வேறொன்றைச் சொல்லியிருந்தது. தசை மட்டும் எட்டு கிலோ கூடியதாக அச்சடித்துக் கொடுத்த சீட்டை இவர் பெருமையுடன் பத்திரப்படுத்தியிருந்தார். உடலில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி நீரின் அளவை ஊகிக்கும் கருவி அது. அன்று குடித்த தண்ணீரும் அரை மணி நேரத்துக்கு முந்தைய பயிற்சியும் அதன் கணக்கை மாற்றிவிடும். இந்த ஆய்வில் அதன் எண்கள் எதையும் நான் பயன்படுத்தவில்லை. தையல் டேப், காலை எடை, தூக்கும் பாரம் ஆகிய மூன்று மட்டுமே அளவுகள்.

இத்தனை கலோரிக்கு நடுவிலும் புரதம் குறைவாக இருந்தது என்பதே கணக்கில் என்னை நிறுத்திய இடம். நாள் முழுதும் சேர்த்து 92 கிராம். அதாவது கிலோ எடைக்கு 1.3 கிராமுக்கும் சற்றுக் கீழே. பயிற்சி செய்யாத ஒருவருக்குப் போதுமான 0.83 கிராமை விட இது கூடுதல்தான். ஆனால் 49 ஆய்வுகளில் பங்கேற்ற 1863 பேரின் முடிவுகளைத் தொகுத்து மார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, பாரம் தூக்குபவர்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடப் பலன் கூடுகிறது; அதற்கு மேல் கூடுதல் பலன் தெளிவாகத் தெரிவதில்லை. ஆக, இவர் 700 கலோரி அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டே 20 கிராம் புரதம் குறைவாகச் சாப்பிட்டார். உபரி முழுவதும் மைதாவிலும் எண்ணெயிலும் சர்க்கரையிலும் வந்தது. பெரிய டப்பாவில் வந்த கெய்னரின் ஒரு வேளை அளவில் 11 கிராம் புரதம் இருந்தது. எஞ்சியது பெரும்பாலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து. நாமக்கல் மாவட்டத்துப் பண்ணைகளிலிருந்து தினமும் லாரி லாரியாக முட்டை போய்க்கொண்டிருக்கும் வட்டாரத்தில், இரண்டு முட்டை தரும் புரதத்துக்காக ஒருவர் மாதம் ஒரு டப்பா மாவு வாங்கியிருக்கிறார்.

தசைக்கு உண்மையில் எவ்வளவு தேவை

தசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். புரதம் ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஒரு கிலோ புதிய தசையில் சுமார் 200 கிராம் புரதம் இருக்கிறது. புதிதாகப் பயிற்சி தொடங்கிய, மருந்தெடுக்காத ஆண் ஒருவர் மாதத்துக்கு ஒரு கிலோ தசை வளர்க்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், உடலில் நாளொன்றுக்குப் படியும் புரதம் 7 கிராமுக்கும் குறைவு. அது ஒரு முட்டையில் உள்ள அளவுதான். தசைப் புரதம் எந்நேரமும் உடைந்தும் கட்டப்பட்டும் வருவதால் நாம் சாப்பிட வேண்டியது அதைவிடப் பல மடங்கு. அந்தக் கட்டும் வேலைக்கும் ஆற்றல் செலவாகிறது. அப்படியிருந்தும், கூடுதலாகத் தேவைப்படும் கலோரி சில நூறுகளைத் தாண்டுவதில்லை.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வுகள் குறைவுதான். ஆனால் கிடைப்பவை ஒரே திசையைக் காட்டுகின்றன. 2013-இல் கார்த்தேயும் உடன் ஆய்வாளர்களும் நார்வேயில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு எடை கூட்டும்படி உணவுத் திட்டம் வகுத்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி சாப்பிட்டார்கள். எடை முதல் பிரிவில் 3.9 சதவீதமும் இரண்டாம் பிரிவில் 1.5 சதவீதமும் கூடியது. உடற்கொழுப்போ முதல் பிரிவில் 15 சதவீதமும் இரண்டாவதில் 3 சதவீதமும் கூடியது. கொழுப்பல்லாத எடையில் இரு பிரிவுக்கும் இடையில் அப்படியொரு பெரிய வித்தியாசம் இல்லை. 2023-இல் ஹெல்ம்ஸும் குழுவினரும், ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்களிடம் 5 சதவீத உபரியையும் 15 சதவீத உபரியையும் எட்டு வாரங்களுக்கு ஒப்பிட்டபோதும், வேகமாக எடை ஏறியவர்களுக்கு முதன்மையாகக் கூடியது தோலடிக் கொழுப்பின் தடிமன்தான். பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இதை இறுதித் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆயினும் இவருடைய நோட்டில் இருந்த எண்கள் அதே கதையைச் சொன்னபோது புறக்கணிக்கவும் இயலவில்லை.

நம் மக்களுக்கு இதில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவர் உடலையே எடுத்துக்காட்டாக வைத்து லான்செட் இதழில் ஒரு பக்கம் எழுதினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல்நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) இருவருக்கும் ஒன்றே, 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருப்பது வழக்கம் என்பதால்தான், இந்திய ஆண்களுக்கு இடுப்பளவு எல்லை 90 செ.மீ. என்று வைக்கப்பட்டுள்ளது, ஐரோப்பியருக்கான எல்லை அதைவிடக் கூடுதல். எலும்பும் தோலுமாக இருக்கிறோமே, முதலில் எடை ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இளைஞர்கள் சொல்லும்போது, ஏறப்போவது எது என்று கேட்காமல் விட முடியவில்லை.

முதல் பன்னிரண்டு வாரங்கள்: இறக்கம்

91 செ.மீ. இடுப்புடன் மேலும் எடை கூட்டுவது சரியல்ல என்பதால் முதலில் இறக்கத் தீர்மானித்தோம். இவருக்கு இது பிடிக்கவில்லை. தாய்க்கு இன்னும் பிடிக்கவில்லை. அடுத்த முறை உடன் வந்த அவர், "ஏனுங்க, சோத்தைக் கொறைச்சா பையன் எளைச்சுப் போயிர மாட்டானுங்களா?" என்று கேட்டார். சோற்றில் கைவைப்பதற்கு முன் வேறு ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று சொல்லி, எண்ணெய் ஜாடியின் மேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடச் சொன்னேன். அடுத்த ஞாயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை லிட்டர் படியால் ஊற்றி அளந்துவிடலாம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வாரத்தில் 1.4 லிட்டர் செக்குக் கடலை எண்ணெய் போயிருந்தது. தலைக்கு ஒரு நாளுக்கு 50 மி.லி.; அதாவது 400 கலோரிக்கும் சற்று மேல். இதில் வெளியில் சாப்பிட்ட வடையும் பரோட்டாவும் சேரவில்லை. தாய் அந்த ஜாடியைப் பார்த்துத் திகைத்ததாக மகன் சொன்னார். தாளிக்கக் குழிக்கரண்டிக்குப் பதில் தேக்கரண்டி, பொரித்ததற்குப் பதில் வேகவைத்தது என்ற அளவிலேயே வாரச் செலவு 800 மி.லி.க்கு வந்துவிட்டது. ஒரு வாய்ச் சோற்றையும் குறைக்காமல் ஆளுக்கு 170 கலோரிக்கும் மேல் போய்விட்டது. சர்க்கரை நோயுள்ள தந்தைக்கும் அதனால் நன்மையே.

மீதியைப் பரோட்டாவும் வடையும் கெய்னரும் கொடுத்தன. சராசரி 2300 கலோரியில் நிறுத்தி, புரதத்தை 115 கிராமுக்கு உயர்த்தினோம். கொங்கு வீட்டுச் சமையலில் இதற்கு இடமில்லாமல் இல்லை. கொள்ளும் பாசிப்பயறும் வாரத்தில் பாதி நாள் அடுப்பில் ஏறுகிற வீடுதான் அது. ஆனால் கொள்ளை வேகவைத்த நீர் ரசமாகி, பயறு ஒரு சிறு கரண்டியாகத் தட்டின் ஓரத்தில் ஒதுங்கி, சோறு மலையாக நடுவில் இருந்தது. அரிசியும் பருப்பும் சாதம் செய்யும் நாளில் பருப்பின் பங்கை இருமடங்காக்கினால் சாதம் குழைகிறது என்று தாய் ஆட்சேபித்தார். அது நியாயமான ஆட்சேபம் என்பதால், சாதத்தை அப்படியே விட்டுவிட்டு உடன் இரண்டு அவித்த முட்டை வைத்தோம். இரவில் சப்பாத்தியுடன் வாரம் மூன்று நாள் கோழிக்கறியும், மற்ற நாள்களில் 40 கிராம் மீல் மேக்கரும். காய்ந்த மீல் மேக்கரில் பாதிக்கு மேல் புரதம். விலையிலும் அதைத் தோற்கடிக்க எதுவும் இல்லை. பள்ளிபாளையம் சிக்கன் வேண்டும் என்று இவர் கேட்டபோது மறுக்கவில்லை, தேங்காய்ச் சில்லையும் எண்ணெயையும் பாதியாக்கச் சொன்னதோடு சரி.

பயிற்சி குறைக்கப்படவில்லை. இரவு ஒன்பது மணிப் பயிற்சி மட்டும் காலை ஆறு மணிக்கு மாற்றப்பட்டது. வாரம் நான்கு நாள். பன்னிரண்டு வாரங்களின் முடிவில் எடை 66.8 கிலோ, இடுப்பு 84 செ.மீ., வெறும் வயிற்றுச் சர்க்கரை 92. பெஞ்ச் பிரஸ்ஸில் அதே 60 கிலோ நின்றது. மேல்கைச் சுற்றளவு 33.5-லிருந்து 32.5 செ.மீ. ஆனது. பலம் குறையாமல் ஏழு செ.மீ. இடுப்பு போனதிலிருந்தே, போனது எது என்று புரிந்துகொள்ளலாம்.

ஒன்பது மாதங்கள்: ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும்

அடுத்த கட்டத்துக்கு முன் மூன்று வாரம் எடை அசையாமல் நிற்கும் அளவைத் தேடினோம். 2500 கலோரியில் நின்றது. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டுச் சூத்திரத்தை நம்புவது ஏன் சரிவராது என்பதற்கு 1999-இல் லெவினும் குழுவினரும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு போதும்: 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தபோது, ஒருவருக்குக் கூடிய கொழுப்பு 0.36 கிலோ, இன்னொருவருக்கு 4.23 கிலோ. சிலரது உடல், தாமே அறியாமல் கூடுதலாக அசைந்தும் நடந்தும் உபரியைச் செலவழித்துவிடுகிறது. சிலரது உடல் அப்படிச் செய்வதில்லை. இவர் எந்த வகை என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும்.

உபரியாக 200 கலோரி மட்டும் சேர்த்தோம். அது ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும். இவ்வளவுதானா என்று இவர் கேட்டார், இவ்வளவுதான். விளையாட்டு உணவியலில் 350 முதல் 480 கலோரி வரை உபரியாகத் தொடங்கலாம் என்று 2019-இல் ஸ்லேட்டரும் உடன் எழுதியவர்களும் பரிந்துரைத்துள்ளனர். அதே உயரத்தில் 50 கிலோவுடன் ஒருவர் வந்திருந்தால் நானும் அந்த அளவில்தான் தொடங்கியிருப்பேன். இவருடைய இடுப்பின் வரலாறும் தந்தையின் நோயும் கீழ் அளவைத் தேர்ந்தெடுக்க வைத்தன. மொத்தம் 2700 கலோரி, 120 கிராம் புரதம். காலைப் பயிற்சிக்குப் பின் ஐந்து இட்லியுடன் மூன்று முட்டை. பதினோரு மணி டீயுடன் வடை போய் ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை. மாலையில் பன்னுக்குப் பதில் பாலும் சுண்டலும். கம்பெனி வாசல் டீக்கடையில் நண்பர்கள் பன்னை நனைத்துச் சாப்பிடும்போது டிபன் பாக்ஸிலிருந்து சுண்டல் எடுப்பது முதல் வாரம் கூச்சமாக இருந்ததாகவும், மூன்றாவது வாரம் அந்தச் சுண்டலுக்குப் பங்குக்கு ஆள் வந்துவிட்டதாகவும் சொன்னார். அதனால் அளவு குறையாமலிருக்க வீட்டிலிருந்து கூடுதலாகக் கட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எடை பார்ப்பதிலும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. முன்பு இரவில், டீயும் தண்ணீரும் குடித்த பின் ஜிம்மில் ஏறி நின்று பார்ப்பார். ஒரு கிலோ கூடியிருந்தால் மகிழ்ச்சி, குறைந்திருந்தால் அன்று இன்னொரு பரோட்டா. இப்போது காலைக்கடன் முடித்தபின், வெறும் வயிற்றில், தினமும். ஆனால் தீர்மானம் எடுப்பது வாரச் சராசரியை வைத்து மட்டுமே. இதன் அருமை தீபாவளியின்போது தெரிந்தது. அதிரசமும் முறுக்கும் ஆட்டுக்கறியுமாக ஐந்து நாளில் 1.7 கிலோ ஏறியதைப் பார்த்து, மறுபடி பழைய நிலைக்கே போய்விட்டோமோ என்று இவர் பதறினார். அது முழுதும் கொழுப்பாக இருக்க வேண்டுமென்றால் அந்த ஐந்து நாளில் 13,000 கலோரி உபரியாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு உபசரித்த வீடானாலும் அது நடக்காது. மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்பாகச் சேரும்போது தன்னுடன் மூன்று மடங்கு நீரையும் பிடித்துவைக்கிறது, உப்பு இன்னும் கொஞ்சம் நீரைப் பிடிக்கிறது. இரண்டு வாரத்துக்குள் சராசரி பழைய கோட்டுக்குத் திரும்பியது.

நான்காம் மாதம் வேறு மாதிரி. ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை, தூக்கம் ஐந்து மணி நேரம், எடை 68.5-இல் ஐந்து வாரம் அசையவில்லை, தோளில் பாரத்துடன் உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் ஐந்து கிலோ பின்வாங்கினார். ஜிம்மில் உடனே, உணவைக் கூட்டு என்றார்கள். ஏழு நாளும் நின்று வேலை செய்வதால் செலவு கூடியிருப்பது உண்மைதான் என்பதால், அந்த வாரங்களுக்கு மட்டும் காலையில் இரண்டு இட்லி கூட்டினோம், அதற்குமேல் கூட்டவில்லை. தூங்காத உடலுக்குச் சோறு ஈடாகாது என்பது என் கருத்து. ஆர்டர் முடிந்து தூக்கம் ஏழு மணி நேரத்துக்குத் திரும்பிய பின், அந்த இட்லிகளை எடுத்துவிட்டபோதும் எடை நகரத் தொடங்கியது.

ஒன்பது மாத முடிவில் எடை 71.0 கிலோ, ஏழு மாதம் வாய் வலிக்கச் சாப்பிட்டு எட்டிய எடைக்குக் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இடுப்பு அப்போது 91, இப்போது 85 செ.மீ.; மேல்கை அப்போது 33.5, இப்போது 34.5 செ.மீ.; பெஞ்ச் பிரஸ் அப்போது 60, இப்போது 75 கிலோ; ஸ்குவாட் 80-லிருந்து 105. மாதத்துக்கு அரை கிலோவுக்கும் குறைவான ஏற்றம். மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, எதுவுமே நடக்கவில்லை என்று இவர் நிறுத்திவிடப் பார்த்தார். அந்த மாதத்தின் பயிற்சிக் குறிப்பை எடுத்துக் காட்டியதில், ஒவ்வொரு பயிற்சியிலும் பாரம் கூடியிருந்தது.

கணக்கில் ஒன்று இடிக்கிறது என்று கவனமான வாசகர் கேட்கலாம். ஒன்பது மாதம் தினமும் 200 கலோரி என்றால் 54,000, 4.2 கிலோவில், அதுவும் பெரும்பங்கு நீருள்ள தசையில், அவ்வளவு ஆற்றல் அடங்காது. அடங்கவும் இல்லை. தசையைக் கட்டும் வேலையும், எடை கூடிய உடலைச் சுமக்கும் வேலையும், கூடுதல் அசைவும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. தாளில் எழுதும் உபரியும் உடலில் சேரும் உபரியும் ஒன்றல்ல என்பதால்தான் எண்ணை நம்பாமல் டேப்பையும் தராசையும் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லைகள் உண்டு. பயிற்சி நேரம் இரவிலிருந்து காலைக்கு மாறியது, புரதம் கூடியது, இவர் புதியவராக இருந்து பழகியவரானார், இவை அனைத்தும் ஒரே காலத்தில் நடந்தன. உணவின் அளவு மட்டுமே வித்தியாசத்துக்குக் காரணம் என்று ஒரு மனிதரின் நோட்டை வைத்து நிறுவ முடியாது. புதியவருக்குத் தசை வேகமாக ஏறும் காலம் முதல் ஆண்டுதான் என்பதால், அந்தக் காலத்தை அதிக உபரியுடன் கழித்த இவருக்கு இரண்டாம் கட்டம் மெதுவாக இருந்ததில் வியப்பில்லை. அப்படியிருந்தும் இரண்டாம் கட்டத்தில் ஏறிய ஒவ்வொரு கிலோவுக்கும் இடுப்பு கால் செ.மீ. அளவே கூடியது, முதல் கட்டத்தில் அது ஒரு செ.மீ.க்கு மேல். பாரம் தூக்குபவர்கள் பலர் எடுக்கும் கிரியாட்டின் என்ற துணைச்சத்துப் பொடியை இவர் இந்தக் காலத்தில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தொடக்கத்திலேயே நீர் எடை கூடி, வாரச் சராசரியைப் படிப்பது கடினமாகியிருக்கும்.

பட்டியல் எழுதிக் கொடுத்த அந்த மூத்தவரைப் பற்றியும் ஒரு சொல். இவருடைய மாற்றத்தைப் பார்த்து, "என்ன தம்பி போட்டே?" என்று அவர் கேட்டாராம். பாலும் பழமும் என்று இவர் சொன்னதை அவர் நம்பவில்லை.

தற்போது 75 கிலோவை எட்ட வேண்டும் என்பது இவருடைய விருப்பம். 71 கிலோவில் நிலை அளவு, அதாவது எடை அசையாமல் நிற்கும் அளவு, 2600-ஐத் தாண்டியிருக்கும் என்பதால், பழைய 2700-இல் கடந்த மூன்று வாரமாக எடை நின்றுவிட்டது. காலையில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் கூட்டி 2900-க்கு உயர்த்தியுள்ளோம். நான்கு வாரச் சராசரியைப் பார்த்தபின் அடுத்த முடிவு. இடுப்பு 88 செ.மீ.யைத் தொட்டால் 75 கிலோ வரும் வரை காத்திராமல் அங்கேயே நிறுத்தி, ஆறு வாரம் நிலை அளவில் இருப்பதென இவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ரத்தச் சர்க்கரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப்படும்.